ரங்கூனுக்கு அக்கரையில் ஒரு பகல்

ரங்கூனுக்குப் போகும் தமிழர்கள் முதல் நாள் ஷ்வே டகோன் பகோடாவின் பொற்கோபுரத்தைத் தரிசிக்கிறார்கள். இரண்டாம் நாள் கடைத்தெருவில் சிவப்புக் கல்லுக்கு விலை கேட்கிறார்கள். வாங்கித் திரும்புகிறவர்கள் சொற்பம். மூன்றாம் நாள் காளி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். பொன்னும் மாணிக்கமும் பார்க்க வேண்டியவைதாம், சந்தேகமில்லை. ஆனால் அந்த நகரத்தை அவ்வளவு பெரிதாக வளர்த்தது பொன்னும் அன்று, மாணிக்கமும் அன்று. வளர்த்தது நெல். அந்த நெல் விளைகிற பூமியோ வெகு தூரத்தில் இல்லை. துறைமுகத்துக்கு நேர் எதிரே, ஆற்றின் அக்கரையில் தொடங்கி, ஐராவதியின் கிளைகள் சமுத்திரத்தில் கலக்கும் வரையில் மேடு பள்ளம் இல்லாமல் பரந்து கிடக்கிறது. காலையில் புறப்பட்டால் அதன் ஓர் ஓரத்தையாவது பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

நகரத்தின் பெயர் 1989-ஆம் ஆண்டு முதல் யாங்கோன். நம் பாட்டனார்கள் கணக்குப் புத்தகங்களில் ரங்கூன் என்றே எழுதினார்கள்; அங்கே வாழும் தமிழர்களும் வீட்டில் அப்படித்தான் சொல்லுகிறார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன். நான் போனது 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில். இரண்டு ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன் பின் அந்த நாட்டு ஜனங்கள் பட்டிருக்கும் பாட்டை இந்தச் சிறு கட்டுரையில் அடக்க முடியாது. கீழே சொல்லுவதெல்லாம் அதற்கு முன் கண்டவை.

பான்சொடான் வீதி ஆற்றில் போய் முடிகிற இடத்தில் படகுத் துறை இருக்கிறது. ஜப்பான் தேசத்தார் 2014-இல் நன்கொடையாக அளித்த இரண்டடுக்குப் படகுகள் ஓயாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. பிரயாணம் பத்தே நிமிஷம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு மனிதன் வெற்றிலை போடலாம். காடை முட்டை தின்னலாம். சீப்பு, கைவிளக்கு, பல்வலி மருந்து எல்லாம் வாங்கலாம். தலையில் தட்டைச் சுமந்துகொண்டு, கன்னத்தில் சந்தனம் போன்ற தனக்காக் குழம்பு பூசிய பெண்கள் கூட்டத்துக்குள் ஒருவர் மேலும் இடிக்காமல் போய்வரும் லாகவத்தை நாட்டியக்காரர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கடற்காக்கைகள் படகைத் தொடர்ந்து பறக்கின்றன. அவற்றுக்குத் தீனி எறிவது புண்ணியம் என்று கருதி, கிழிந்த சட்டை அணிந்தவர் கூடக் காசு கொடுத்துத் தீனி வாங்கி எறிகிறார்.

அக்கரையில் இருக்கும் ஊர் டாலா. ரங்கூனின் மாடமாளிகைகள் கூப்பிடு தூரத்தில் தெரிகின்றன. டாலாவில் மூங்கில் தட்டி வீடுகள். ஒரு காலத்தில் இங்கேதான் ஐராவதி ஸ்டீமர் கம்பெனியின் கப்பல் பட்டறை இருந்தது. 1865-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆரம்பித்த அந்தக் கம்பெனிக்கு 1930-களில் சுமார் 600 கலங்கள் இருந்தன. உலகத்தில் எந்த நதியிலும் அப்படிப்பட்ட கப்பற்படை கிடையாது என்று பெருமை பேசிக்கொண்டார்கள். 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது, அவர்கள் கையில் சிக்கக் கூடாதென்று கம்பெனியாரே தங்கள் கப்பல்களில் பெரும்பாலானவற்றை ஆற்றில் மூழ்கடித்தார்கள். பழைய பெருமைக்கு அடையாளமாக டாலாவில் இப்போது பார்க்கத்தக்கது அதிகமில்லை.

என்னோடு துணைக்கு வந்தவர் ரங்கூனிலேயே பிறந்த ஒரு தமிழ் இளைஞர். அவருடைய பூட்டனார் இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து சமையல் வேலைக்காகக் கப்பலேறினாராம். இளைஞருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், எழுதத் தெரியாது. "கோயில் பஜனைப் பாட்டையெல்லாம் பர்மிய எழுத்திலே எழுதி வைச்சுத்தான் பாடுவோம், அண்ணே" என்று கூச்சத்துடன் சொன்னார். அவர் பேரம் பேசி அமர்த்திய மோட்டார் வண்டியில் துவாந்தே என்னும் ஊரை நோக்கிப் புறப்பட்டோம். டாலாவிலிருந்து முக்கால் மணி நேரப் பிரயாணம்.

சாலையின் இரு புறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். மழைக்கால நெல் அறுவடையாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தாளடி நிலத்தில் மிஞ்சிய ஈரத்தில் பயறு வகைகள் விதைத்திருந்தார்கள். சில வயல்களில் செடியைக் கையால் பிடுங்கிக் கொத்துக் கொத்தாக வெயிலில் காய வைத்திருந்தார்கள். ஆங்காங்கே பனைமரமும் வைக்கோற்போரும் தெரிந்தன. தஞ்சாவூர் ஜில்லாக்காரர் ஒருவரை உறக்கத்தில் தூக்கிக்கொண்டுபோய் இங்கே விட்டால், எழுந்ததும் மாயவரத்துக்கு வழி கேட்பார்.

ஆனால் காவேரிப் படுகைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கரிகாலன் காலத்திலிருந்து அணையும் வாய்க்காலும் பேசப்படுகின்றன. இங்கே இந்த வயல்களுக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல் இராது! 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது இப்பிரதேசத்தின் பெரும் பகுதி சதுப்புக் காடு. பாம்பும் புலியும் மலேரியாக் காய்ச்சலும் ஆட்சி செய்தன. பர்மிய அரசர்கள் அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று தடுத்திருந்தார்கள்; ஆகையால் அதிகமாக விளைவிக்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. ஆங்கிலேயர் தடையை எடுத்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி வேண்டியிருந்தது. மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் மனைவி மக்களுடன் இறங்கி வந்து காட்டை வெட்டினார்கள். 1850-களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாயிருந்த நெல் சாகுபடி, 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. அந்நாளில் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த தேசம் பர்மாதான்.

காடு வெட்டுகிறவன் அறுவடை வரையில் எதைத் தின்பான்? மாடு வாங்க, விதை வாங்கப் பணம் ஏது? ஆங்கிலேய பாங்கிகள் குடியானவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் கதைக்குள் பிரவேசிக்கிறார்கள்.

நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் ரங்கூனில் முகல் தெருவில் கிட்டங்கிகளை அமைத்துக்கொண்டு, படுகையின் உள்நாட்டு ஊர்களிலெல்லாம் கடை போட்டார்கள். மூன்று வருஷக் கணக்குக்கு ஏஜெண்டுகள் வந்தார்கள். பெட்டியடிப் பையன்கள் வந்தார்கள். நிலத்தை ஈடு பெற்றுக் கடன் கொடுத்தார்கள். உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிட இவர்கள் வட்டி குறைவு என்பதையும், இவர்கள் பணமில்லாமல் படுகை விளைநிலம் ஆகியிராது என்பதையும் 1929-30-இல் பர்மாவில் கூடிய பாங்கி விசாரணைக் கமிட்டியே ஒப்புக்கொண்டது. நகரத்தார் அங்கே போட்டிருந்த மூலதனத்தை அக்கமிட்டி சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அக்காலத்து 75 கோடி!

கமிட்டியின் வேலை முடிந்த சமயத்திலேயே உலகமெங்கும் விலைவாசி சரிந்தது. நெல் விலை பாதிக்குக் கீழே போயிற்று; கடனும் வட்டியும் மட்டும் அப்படியே நின்றன. குடியானவனால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் நகரத்தார் வசம் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. 1930-களின் இறுதிக்குள் 25 பங்கு ஆகிவிட்டது. அவர்கள் நிலத்தை விரும்பிப் பிடித்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். சேற்று நிலத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்வார்கள்? ஆனால் பாட்டன் வெட்டிய காட்டில் பேரன் குத்தகைக்காரனாக நிற்க நேர்ந்தபோது, இந்த நியாயத்தை அவனிடம் யார் போய் எடுத்துச் சொல்வது? அந்நிய ஆட்சியை அவன் தூரத்தில்தான் கண்டான். கிட்டத்தில் கண்டது நம்மவர்களை. 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்தில் மூண்ட கலகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இந்தியக் கூலிகள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு நாட்டு ஏழைகள்; ஒரு பைசா வட்டிக்கு விட்டவர்கள் அல்லர்.

1942-இல் லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து கால்நடையாகத் தாய்நாடு திரும்பியதும், வழியில் ஆயிரமாயிரம் பேர் மடிந்ததும் நேயர்கள் அறிந்ததே. சுதந்திர பர்மா 1948-லும் 1953-லும் சட்டம் இயற்றி நிலத்தைத் தேசத்தின் உடைமை ஆக்கிற்று. 1960-களில் கடை கண்ணிகளும் போய், மீண்டும் ஒரு பெருங்கூட்டம் கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தின் எதிரே உள்ள பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகள்தாம்.

வழியில் ஒரு களத்து மேட்டில் வண்டியை நிறுத்தினோம். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் பயற்றஞ்செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என் நிறத்தைப் பார்த்துவிட்டு, "செட்டியா?" என்று சிரித்தபடி கேட்டார். அல்ல என்று இளைஞர் சொன்னதும் இன்னும் பலமாகச் சிரித்தார். பிறகு தேநீர் வந்தது. நிலம் யாருடையது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் நீளமானது. தாத்தா காலத்தில் செட்டியாருடையது. தகப்பனார் காலத்தில் சர்க்காருடையது, அறுவடையில் ஒரு பங்கைச் சர்க்கார் குறித்த விலைக்கு அளந்தே தீர வேண்டும். இப்போது கையில் ஒரு காகிதம் இருக்கிறது என்றார். அவர் குறிப்பிட்டது 2012-ஆம் வருஷத்து விவசாய நிலச் சட்டப்படி அளிக்கப்பட்ட பத்திரம். நிலத்தின் இறுதி உரிமை தேசத்துக்கே; உழுகிறவருக்கு அனுபவ பாத்தியதை. அந்தப் பத்திரத்தின் பேரில் அடமானமும் வைக்கலாம், விற்கவும் விற்கலாம்.

"செட்டியார் போனார், சட்டம் திரும்பி வந்துவிட்டது" என்றாராம். இளைஞர் மொழிபெயர்த்தபோது நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவருக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. "உங்கள் ஊரில் பயறு தின்பதை ஏன் நிறுத்திவிட்டார்கள்?"

விஷயம் இதுதான். இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் மிகப் பெரும் பகுதி பர்மாவிலிருந்து வருகிறது. பர்மியர் உளுந்தை அதிகம் உண்பதில்லை, நமக்காகவே விளைவிக்கிறார்கள். நம் இட்லிக்கும் வடைக்கும் பின்னால் இந்தத் தாளடி நிலங்கள் இருக்கின்றன. 2017 ஆகஸ்டில் நம் அரசாங்கத்தார், உள்நாட்டில் விளைச்சல் மிகுந்து விலை விழுந்ததால், உளுந்துக்கும் பச்சைப் பயறுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி கூடாதென்று வரம்பு கட்டினார்கள். நம் குடியானவர்களைக் காப்பதற்காகச் செய்தது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் விதைப்பை எதிர்நோக்கியிருந்த ஐராவதிப் படுகையில் விலை தலைகுப்புற விழுந்தது. நாங்கள் தின்பதை நிறுத்தவில்லை, சட்டம் மாறிவிட்டது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். சட்டம் மாறுவது அவருக்குப் புதிதல்லவே. 2021-இல் இந்தியா அந்த வரம்பை நீக்கி, பர்மாவிடமிருந்து ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்து வாங்குவதாக ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தமும் செய்துகொண்டது. செய்தியைப் பத்திரிகையில் கண்டபோது அந்தக் களத்து மேடு நினைவுக்கு வந்தது.

துவாந்தே மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே பச்சை மெருகிட்ட பாத்திரங்கள் சுட்ட சூளைகளை ஆராய்ச்சியாளர்கள் தோண்டிக் கண்டிருக்கிறார்கள். நான் பார்த்த கொட்டகையில் ஒரு பெண் சக்கரத்தைச் சுழற்றிவிட, இன்னொருத்தி பேசிக்கொண்டே குடம் வனைந்தாள். குடம் சரியாக வட்டமாகவே வந்தது. இங்கே செய்யும் பானைகளில் பல, வழிப்போக்கர் தாகம் தணிக்கச் சாலையோரங்களில் வைக்கப்படுபவை. பந்தல் போட்டு, பானை வைத்து, மேலே ஒரு குவளையும் கவிழ்த்துவிடுவார்கள். நம் தண்ணீர்ப் பந்தல் கோடைக்கு மட்டும். அவர்களுடையது வருஷம் முழுவதும். ஊருக்கு அருகே குளத்தின் நடுவில் மலைப்பாம்புகள் குடியிருக்கும் கோயில் ஒன்றும் உண்டு. பாம்புகள் ஜன்னலில் சுருண்டு தூங்கின. நான் அதிக நேரம் தங்கவில்லை.

ஊரை ஒட்டி ஓடுகிறது துவாந்தே கால்வாய். ரங்கூன் ஆற்றை ஐராவதியின் கிளைகளோடு இணைக்க 1880-களில் வெட்டி, பின்னர் அகலப்படுத்தியது. சுமார் 22 மைல் நீளம். நெல் மூட்டையும் மணலும் ஏற்றிய கலங்கள் நீர்மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே தெரிய மெல்ல நகர்ந்தன. பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் என்று புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் 1924-இல் இவ்வூரில் போலீஸ் உத்தியோகஸ்தராயிருந்தார். சாம்ராஜ்யத்தின் மீது அவருக்கு வெறுப்பு ஏற்பட்டது பர்மாவில்தான்.

கால்வாய்க் கரையில் இளைஞர் 2008-ஆம் வருஷத்தைப் பற்றிச் சொன்னார். அந்த மே மாதம் 2-ஆம் தேதி நர்கீஸ் புயல் கடலைத் தூக்கிப் படுகையின் மேல் போட்டது. இறந்தவரும் காணாமற் போனவருமாக 1,38,000 பேர். அலையைத் தடுத்திருக்கக் கூடிய கடலோரக் காடுகள் பல இடங்களில் வயலுக்காகவும் விறகுக்காகவும் முன்பே வெட்டப்பட்டிருந்தன. அப்போது அவர் பள்ளிச் சிறுவன். ரங்கூன் வீதிகளில் நூறு வருஷத்து மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததும், கோயிலில் கஞ்சி காய்ச்சி ஊற்றியதும் நினைவிருக்கிறதாம்.

டாலாவுக்குத் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. சுற்றிலும் ஆறு, ஆனால் கடலின் ஏற்றத்தில் உப்பேறும் நீர் குடிக்க உதவாது. மழைநீரைத் தேக்கிய குளங்களே ஊருக்கு ஆதாரம். சித்திரை மாதம் வந்தால் வீட்டுக்கு இத்தனை வாளி என்று கணக்கிட்டுத்தான் விடுவார்களாம். ஒரு குளத்தின் மரப்பாலத்தில் பெண்களும் சிறுவர்களும் காவடித் தண்டில் இரண்டு இரண்டு வாளி மாட்டிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். அவர்களில் ஒரு பெண், தெருமுனைப் பந்தலின் பானையில் தன் வாளியிலிருந்து பாதியை ஊற்றிவிட்டு மிச்சத்துடன் வீட்டுக்குப் போனாள்.

துறையில் படகு புறப்படத் தயாராயிருந்தது. கீழ்த் தட்டில் பாதி இடத்தைப் பயறு மூட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் மேல் தட்டுக்கு ஏறினோம்.