கலங்கிய பை

வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவருக்காக, ஒரு தனியார் மருத்துவமனைக்கு எதிராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதாடினேன். வயிற்றில் தொற்று முற்றி, குழாயை எடுக்க நேர்ந்து, அவர் ரத்த டயாலிசிஸுக்கு மாறியிருந்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு அளித்த சிகிச்சை என்பதால், 1995 வி.பி.சாந்தா தீர்ப்பின்படி புகாரை ஏற்பதில் சிக்கலில்லை.

பை மாற்றும்போது சுத்தம் போதவில்லை, தவறு மனைவியுடையது என்றது எதிர்த்தரப்பு. குறுக்கு விசாரணையில் அந்த அம்மாவிடம் ஒவ்வொரு படியாகக் கேட்டார்கள். "ஃபேனை நிறுத்திடுவேன் சார். ஜன்னலைச் சாத்திட்டு ரெண்டு பேரும் மாஸ்க் கட்டிக்குவோம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நல்லா துடைச்சிட்டுதான் மூடியைத் தொடுவேன்" என்றார். குழாய் வெளிவரும் இடத்தில் தினமும் மியூபிரோசின் களிம்பு தடவுவதையும் விடாமல் சொன்னார்.

தொற்று யாரால் வந்தது என்ற தர்க்கத்துக்குள் போக எனக்கு விருப்பமில்லை. எத்தனை கவனமாக இருந்தாலும் அது வரலாம். குடலிலிருந்தேகூடக் கிருமி பரவும். தொற்று வந்ததையே அலட்சியத்துக்குச் சான்றாகக் காட்டினால், 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு என் வழக்கைக் கவிழ்த்துவிடும். வயிற்றிலிருந்து வெளியே வந்த தண்ணீர் கலங்கியதாக இவர்கள் சொன்ன பிறகு மருத்துவமனை என்ன செய்தது என்பதையே கேட்டேன்.

அந்த அம்மா ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் உள்ளே போன அளவு, வெளியே வந்த அளவு, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருந்தன. ஒரு சனிக்கிழமை மாலை: "கலங்கல். வயித்து வலி. போன் பண்ணியாச்சு. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க." அப்படி அழைப்பே வரவில்லை என்றது மருத்துவமனை. போன் பில்லில் அவர்கள் எண்ணும் நேரமும் அச்சாகியிருந்தன.

சாட்சி சொன்ன சிறுநீரக நிபுணர், சர்வதேச வயிற்று டயாலிசிஸ் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலைப் படித்துக் காட்டினார். தண்ணீர் கலங்கினால், அது தொற்றில்லை என்று உறுதியாகும்வரை தொற்றாகவே பாவிக்க வேண்டும். மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபிலாக இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. கல்ச்சருக்கு மாதிரி எடுத்தவுடன், முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கைப் பையிலேயே கலந்து வயிற்றுக்குள் செலுத்த வேண்டும். இவருக்கோ திங்கட்கிழமை வந்து சேரும்போது காய்ச்சல் ஏறி, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது.

சரியான மருந்து கொடுத்தும் 5 நாளில் தண்ணீர் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல். அதை அவர்கள் முறையாகவே செய்தார்கள். வாதத்தில் நானே ஒப்புக்கொண்டேன்.

தொற்றும் குழாய் நீக்கமும் அலட்சியம் ஆகா, சனிக்கிழமையே வரவழைக்காததுதான் சேவைக் குறைபாடு என்று ஆணையம் தீர்ப்பளித்தது. முன்பே மருந்து தொடங்கியிருந்தால் குழாய் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதென, இழப்பீட்டை மட்டும் குறைத்தது. அந்தக் குறைப்பை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றே மருந்து கொடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்; தெரியாமல் போகச் செய்தவர்களுக்கே அந்தச் சந்தேகத்தின் பலன் போய்ச் சேர்ந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அலைபவரை மறுபடி கோர்ட்டுக்கும் இழுக்க வேண்டாம் சார் என்று அந்த அம்மா மறுத்துவிட்டார்.