எஞ்சின் மாறிய கார்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கார் எடுப்பது அறிவீனம். 1996-இல் அவ்வறிவீனத்தைச் செய்தோம். தந்தையாரைக் கேளாமலே அவருடைய ஸ்டாண்டர்டு 2000 காரை எடுத்துச் சென்று, செங்கம் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டதை உடன்பிறந்தோர் மூவருமே கண்டோம். மூவருமே வாய் திறக்கவில்லை. ரேடியேட்டர் வற்றி, சிலிண்டர் ஹெட் வளைந்து, எஞ்சின் பிளாக்கிலும் விரிசல் விழுந்தது.

அவர் கடிந்துகொள்ளவில்லை. அதைத்தான் எங்களால் தாங்க இயலவில்லை. அக்காரில்தான் மாதந்தோறும் அவர் சிகிச்சைக்காக வேலூர் செல்வார்.

வேன் ஒன்றின் டீசல் எஞ்சினைப் பொருத்தலாம் என்றார் மெக்கானிக். "எஞ்சினை மாற்றிவிட்டால் அது என் வண்டியா?" என்று தந்தையார் மறுத்துவிட்டார்.

பின்னரே அக்காரின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தோம். அதன் உடல் 1976-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரோவர் எஸ்டி1 காருடையது. ஃபெராரி டேட்டோனா என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் சாயல் அதன் முகப்பில் உண்டு. அங்கே அதற்கு 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். 1985-இல் சென்னையை அடுத்து அக்காரைச் செய்தபோது அதனுள் வைத்ததோ, பழைய வான்கார்டு வழிவந்த 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின்! அந்த எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரையும் இழுத்தது. 1953-இல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரையும் இழுத்தது. ஆக, தந்தையார் வாங்கும்போதே அது எஞ்சின் மாறிய காராகத்தான் இருந்தது.

சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அப்படியானால் இத்தனை நாளும் என்னைச் சுமந்தது உழவு எஞ்சினா?" என்று சிரித்தார். அச்சிரிப்பே சம்மதமாயிற்று.

வேலை எளிதாக இல்லை. டீசல் எஞ்சினின் எடைக்கு முன் ஸ்பிரிங்குகள் தாழ்ந்தன. தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்க இரும்புத் தகடு ஒன்றைக் கடைசலில் செய்தார்கள். அது மயிரிழை விலகினாலும் வண்டி நடுங்கும் என்று, மெக்கானிக் மும்முறை இறக்கி ஏற்றினார். முன் அனுமதி பெற்றிருந்ததால் பதிவுப் புத்தகத்தில் புது எஞ்சின் எண்ணும் ஏறியது.

முதற்பயணம் வேலூருக்கு. இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. போளூர் தாண்டியதும் முன்னிருக்கையிலிருந்து தந்தையார் கேட்டார்: "அன்று முள் சிவப்புக்குப் போனதை யார் பார்த்தீர்கள்?"

பின்னிருக்கையில் இரண்டு கைகள் உயர்ந்தன. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார்.