படிப்படியே பார்வை

செவ்வாய்ப்பேட்டையினின்று நோக்கின் சேர்வராயன் மலை எமக்கு வெறும் புகையே. கிட்டப்பார்வை மிக்கார்க்கு விழிக்கோளம் நீண்டிருத்தலால், தூரப்பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னரே விழும். தடித்த மூக்குக்கண்ணாடி அதனைத் திருத்தும். ஆயினும் உருவைச் சிறிதாக்கிக் காட்டும். ஆதலின் கருவிழிமேல் அணியும் மென்வில்லையை நாடினோம்.

1961ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், பிராகு நகரத்து ஒட்டோ விக்டெர்லே என்னும் அறிஞர் விளையாட்டுப் பொறியுறுப்புகளைக் கூட்டி வார்த்தெடுத்தது அதன் முன்னோடி. எளியதாயினும் பழகுதல் அரிது. கருவிழி பிராணவாயுவைக் காற்றினின்றே பெறுவது. இவ்வூர் மண்டித் தெருப் புழுதியோ ஓயாதது. அணிந்த சிறுபொழுதிற்குள் கண் சிவந்து நீர் சொரியும்.

பெத்சாயிதாவில் ஆண்டவர் இருமுறை தொட்ட பின்னரே குருடன் தெளியக் கண்டான். முதன்முறை மாந்தர் அவனுக்கு மரங்களாய்த் தோன்றினர். பார்வை படிப்படியே வருதல் குறையன்று. யாமும் நாடோறும் சிறிது பொழுது கூட்டி அணிந்து வருகின்றோம்.