ஊரைப் பின்னால் வைத்தவர்கள்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் என்றோர் ஊர் இருக்கிறது. 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர், இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறையை வகித்தவர், வாஜ்பாய் அமைச்சரவையில் மின்துறையை வகித்தவர், 2014இல் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவரானவர் ஆகிய நால்வரின் பெயரும் இந்த ஊர்ப்பெயரில்தான் முடிகிறது. பி. பி. குமாரமங்கலம், மோகன் குமாரமங்கலம், ரங்கராஜன் குமாரமங்கலம், லலிதா குமாரமங்கலம். நால்வரும் ஒரே குடும்பத்தார் என்பதால் பெயர் ஒன்றாக இருப்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அதுதான் வியப்பு. அப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு, தன் பெயரோடு நின்றுவிடுகிற நாடு இது. ஒருவர் இறந்தால் இரண்டு தலைமுறையில் அவர் பெயர் இனிஷியலிலிருந்தும் மறைந்துவிடும். இங்கே மூன்று தலைமுறைக்கு மாறாமல் நிற்கிற ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தேடிப் பார்த்தேன்.

தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை, பெயர்களையே பிறந்த வரிசையில் அடுக்கி வைத்தால் போதும். குடும்பத்தின் மூத்தவர் பி. சுப்பராயன். 1889இல் பிறந்தவர், குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். பிற்காலத்தில் மத்திய அமைச்சராகவும் மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்து 1962இல் மறைந்தார். இவர் பெயர் முழுக்கத் தமிழ் வழக்கப்படியே இருக்கிறது: பரமசிவ சுப்பராயன். குமாரமங்கலம் என்பது இவருக்கு ஜமீனின் பெயர், ஆளின் பெயர் ஆகவில்லை. அடுத்த படியில் எல்லாம் மாறிவிடுகிறது. 1913இல் பிறந்த மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். நம் முறைப்படி அவர் சு. பிரபாகர் ஆகியிருக்க வேண்டும். அப்பாவின் பெயரே அதில் இல்லை. அப்பாவின் பெயருக்கு முன்னால் நின்ற பரமசிவ அப்படியே இறங்கி வந்திருக்கிறது, கடைசியில் ஊர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 1916இல் லண்டனில் பிறந்த மோகனின் முழுப்பெயர் சுரேந்திர மோகன் குமாரமங்கலம். ஆங்கிலத்தில் எஸ். மோகன் என்று பார்க்கிறவர்கள் அந்த எழுத்தைச் சுப்பராயன் என்றே விரித்துக்கொள்வார்கள், அது சரியல்ல. ஆக, மாற்றம் நடந்த இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடலாம். தந்தைக்கும் மக்களுக்கும் நடுவே, ஒரே தலைமுறையில் நடந்திருக்கிறது.

அந்த இடைவெளியில் இருப்பது இங்கிலாந்து. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். பிரபாகர் உல்விச் ராணுவக் கல்லூரிக்குப் போய் 1933இல் அதிகாரியானார். மோகன் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். அந்தப் பதிவேடுகளில் கடைசிப் பெயருக்கு என்று ஒரு கட்டம் உண்டு, வெற்றாக விட முடியாத கட்டம். அண்ணனும் தம்பியும் அதில் ஒரே பெயரை எழுதியாக வேண்டும், இல்லையென்றால் அவர்களை ஒரு வீட்டுப் பிள்ளைகளாக அந்த ஏடு அறியாது. சுப்பராயனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் பலரும் செய்ததுபோலக் கவுண்டர் என்ற சாதிப்பட்டத்தைப் போடலாம். ஊரைப் போடலாம். மக்களின் பெயரில் நிலைத்தது ஊர். மங்களூர் சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த ராதாபாயை மணந்து, சாதி கடந்து வாழ்ந்த வீட்டுக்கு இது பொருத்தமாகவே இருக்கிறது. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடச் சொன்னது 1929இல்தான். அதன் விளைவு இது என்று நான் சொல்லவில்லை. சாதி வந்து உட்கார வேண்டிய இடத்தில் ஓர் ஊர் உட்கார்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

இப்படிக் கட்டம் நிரப்பப் பெயர் மாறியது இங்கே மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கிடக்கிற வேல்ஸ் நாட்டுக்காரர்களும் நம்மைப்போல அப்பன் பெயரால்தான் வழங்கினார்கள். ‘அப்’ என்றால் மகன். ஹவெலின் மகன் அப் ஹவெல், ரீஸின் மகன் அப் ரீஸ். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்த இவை, ஆங்கிலேயரின் நீதிமன்றமும் பதிவேடும் அழுத்தியபோது பவல் என்றும் பிரைஸ் என்றும் உறைந்து குடும்பப் பெயர்களாயின. 1948இல் பிரிட்டனில் இலவச மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்த அனாய்ரின் பெவனின் பெயருக்குள்ளும் இவானின் மகன் ஒளிந்திருக்கிறான். ஆனால் குமாரமங்கலத்துக்கு இவற்றைவிட நெருக்கமான உறவு மோஸ்டின். எட்டாம் ஹென்றி காலத்தில் தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவெல் அப் இவான் வைகன் என்று நீண்ட பெயரைக் கேட்டுச் சலித்த பிஷப் ரோலண்ட் லீ, இனி உன் இருப்பிடத்தின் பெயரையே வைத்துக்கொள் என்று உத்தரவிட்டதாகத் தாமஸ் பென்னன்ட் 18ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அந்த இருப்பிடம் மோஸ்டின். இன்றும் அது வேல்ஸில் ஓர் ஊரின் பெயர், ஒரு பெருங்குடும்பத்தின் பெயரும் அதுவே.

ஊரைப் பெயரோடு சேர்ப்பது நமக்குப் புதிதா, சேலம் விஜயராகவாச்சாரியாரும் நாமக்கல் கவிஞரும் இல்லையா என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் 1920இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியார் சேலத்தில் பிறந்தவரே அல்ல, செங்கல்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூர்க்காரர். கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்தது காவிரிக்கரை மோகனூரில். முன்னால் வருகிற ஊர், ஒருவர் எங்கே பேரெடுத்தார் என்று சொல்கிறது. அது அவருடைய சம்பாத்தியம், அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. பின்னால் வருகிற ஊர் லண்டனில் பிறந்த குழந்தைக்கும் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: இது வெறும் ஜமீன் பட்டம், அதைப்போய்க் குடும்பப் பெயர் என்பானேன்? பிறப்பு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டம் என்பது நிலத்தை ஆள்கிற ஒருவருக்கு உரியது. இதுவோ மூத்தவர் பிரபாகருக்கும் இளையவர் மோகனுக்கும் ஒன்றாகவே வந்தது. தங்கை பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்தபோது அவருக்கும் அதே பெயர்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது, பெயர் ஒழியவில்லை. நிலவுடைமைக்கு எதிரான கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து பல ஆண்டு உழைத்த மோகனும் அதைக் கழற்றிப் போடவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியதில் முன்னின்ற அமைச்சரின் பெயரில் ஒரு பழைய ஜமீன் இருந்தது என்பதை அன்று யாரும் முரண்பாடாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பட்டம் செத்துப் பெயர் பிழைத்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குடும்பப் பெயருக்கே உரிய குறையும் இதில் தப்பாமல் வந்து சேர்ந்தது. பார்வதி, தோழர் என். கே. கிருஷ்ணனை மணந்து பார்வதி கிருஷ்ணன் ஆனார். கோயம்புத்தூரின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தமிழகம் அறிந்தது அந்தப் பெயரைத்தான். அண்ணன்களோடு அவரைச் சேர்த்துப் பார்க்கப் பலருக்குத் தோன்றாமலே போயிற்று. அடுத்த தலைமுறையில் மோகனின் மகள் லலிதா அதே பெயரோடு பொதுவாழ்வில் நின்றார். மகன் ரங்கராஜன் 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் சேலத்தில் வென்றார். சேலத்துக்காரர்களுக்குக் குமாரமங்கலம் என்றால் ஊரைவிட முன்னதாக இவர் முகம் நினைவுக்கு வந்த காலம் அது.

ரங்கராஜன் தம் மகனுக்கு வைத்த பெயர் மோகன். அந்த மோகன் குமாரமங்கலம் தமிழ்நாடு காங்கிரஸில் செயல் தலைவராக இருந்திருக்கிறார். தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் பேரனுக்குப் பெயரன் என்றே தமிழில் பெயர். பிரபாகரின் பெயருக்கு முன்னால் பரமசிவ நின்றதும் இந்தப் பழைய வழக்கத்தின் சாயல்தான். ஈட்டனும் உல்விச்சும் கேட்ட கட்டத்தைக் கடைசியில் ஊரை வைத்து நிரப்பியவர்கள், முன்பாதியை யாரும் கேட்காமலே பாட்டன் முறைப்படி எழுதியிருக்கிறார்கள்.