நூலும் காட்சியும்

பழம்பெருங் கதைகளைத் தொலைக்காட்சி நாடகமாக்குதல் இலக்கியத்திற்கு இழுக்கு என்பார் உளர். யாமும் அக்கருத்தினராகவே இருந்தோம். மூலநூலைக் கற்க மாட்டாதார் பற்றும் எளிய வழி அதுவென எண்ணினோம். சென்ற கோடை விடுமுறையில் அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை ஈண்டு உரைப்பாம்.

ஜேன் ஆஸ்டென் அம்மையார் 1813-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவலைப் பி.பி.சி. நிறுவனத்தார் 1995-ஆம் ஆண்டில் ஆறு பகுதிகள் கொண்ட நாடகமாக்கி ஒளிபரப்பினர். நாடகவடிவம் தந்தவர் ஆண்ட்ரூ டேவிஸ் என்பார். கதைத்தலைவன் டார்சியின் மாளிகையாக, செஷயரிலுள்ள லைம் பார்க் எழிலுறத் தோன்றுகின்றது. நடனமும் குதிரை வண்டிகளும் பசும்புல் வெளிகளும் எம் கண்ணைக் கவர்ந்தன. எம் அன்னையார் ஆங்கிலம் அறியார். ஆதலின் உடனிருந்து உரையாடலைத் தமிழில் பெயர்த்துச் சொல்லி வந்தோம்.

காலின்ஸ் என்னும் குருவானவரை மணக்க எலிசபெத் மறுக்கின்றாள். தாயாகிய பென்னெட் அம்மாள் அலறி ஓடுகின்றாள். யாம் விலாநோக நகைத்தோம். அன்னையார் நகைத்திலர்.

"அந்தத் தாய் ஏன் இப்படிப் பதறுகிறாள், தம்பி?" என்றார்.

அக்குடும்பத்து நிலம் ஆண்வழிக்கே உரியது என்றும், பெண்மக்கள் ஐவரே இருத்தலின் தந்தைக்குப் பின் இல்லமும் நிலமும் அக்காலின்சுக்கே சேரும் என்றும் விளக்கினோம்.

"அப்படியானால் சிரியாதே. ஐந்து பெண்களைப் பெற்றவளுக்கு இரவில் உறக்கம் வருமா?"

எம் தமக்கையார் இருவர்க்கும் மணம் பேசிய நாட்களில், அடுக்களை விளக்கடியில் அன்னையார் தனித்திருந்து கணக்கெழுதிய காட்சி எம் நெஞ்சில் எழுந்தது. நாணித் தலைகுனிந்தோம்.

மீண்டும் நாவலை எடுத்தோம். ஆண்டிற்கு 2,000 பவுன் வருவாய் இருந்தும், ஆண்மகவு பிறக்கும் என்று நம்பித் தந்தை ஒன்றும் சேமியாது விட்டார் என ஆசிரியரே 50-ஆம் அதிகாரத்தில் குறித்துள்ளார். இருமுறை கற்றும் யாம் அதனை உளங்கொண்டிலம். நாவலில் ஆசிரியரின் அங்கதக் குரல் எம்மைக் கைப்பிடித்து நகைப்பிற்கு அழைத்துச் சென்றது. நாடகத்தில் அக்குரல் குறைகின்றது, அஃது இழப்பே. ஆயினும் அவ்விடத்தில் ஒரு தாயின் முகம் நிற்கின்றது.

நூலுக்கு நாடகம் ஈடாகாது. ஆனால் நூலை மறுமுறை திறப்பிக்க வல்லது. இன்றும் அக்காட்சியில் எமக்கு நகைப்பு வருகின்றது. அன்னையாரை நோக்கியதும் பாதியில் நின்றுவிடுகின்றது.