சவுலின் கவசமும் பவர் பெட்ரோலும்



பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியவுடன், "சாதாவா, பவரா?" என்று கேட்கிறார்கள். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் வண்டி சீறிப் பாயும், மைலேஜ் கூடும், எஞ்சினின் ஆயுள் நீளும் என்னும் நம்பிக்கை நம் வாலிபரிடையே பரவியிருக்கிறது. இதைப் பற்றியெல்லாம் போதகர் எழுதவேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் சென்று உழைத்துவரும் குடும்பங்கள் நம் சபையில் அநேகம். அவர்கள் சம்பளம் எங்கே கசிகிறது என்பது மேய்ப்பனுக்குச் சம்பந்தமில்லாத காரியம் அன்று.

முதலில் அந்த விலையுயர்ந்த பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பங்கில் எழுதியிருக்கும் 91, 95, 100 என்பவை ஆக்டேன் எண்கள். இந்த எண் பெட்ரோலின் பலத்தைக் குறிப்பதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது பெட்ரோலின் பொறுமையைக் குறிக்கிறது என்றே சொல்லலாம். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தும்போது அது சூடேறுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டபின் அந்த நெருப்பு சீராகப் பரவவேண்டும். நெருப்பு வந்து சேருமுன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடித்துவிட்டால், எஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல ஒலிக்கும். பத்தலப்பல்லி மலைப்பாதையில் இருவரை ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் ஏறுகிறவர்கள் சிலர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். தன் நேரம் வருமட்டும் வெடிக்காமல் காத்திருக்கும் தன்மையே ஆக்டேன்.

அந்தப் பொறுமை எவ்வளவு தேவை என்பது எஞ்சின் கலவையை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் 100 சிசி வண்டி, கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. சாதாரண பெட்ரோலுக்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் இன்னும் குறைவாகவே அழுத்தும். அதற்கு 100 ஆக்டேன் ஊற்றுவது, காது கேளாதவருக்கு முன்பாக நாதஸ்வரம் வாசிப்பதற்குச் சமம். பன்னிரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும் பந்தய ரக வண்டிகள் சிலவற்றுக்கு உயர்ந்த ஆக்டேன் மெய்யாகவே பயன்படும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்போர் தங்கள் கையேடு சொல்வதன்படி செய்யட்டும். அவர்களுக்கு அது வீண் செலவல்ல.

எத்தனாலைப் பற்றியும் கேட்கிறீர்கள். இப்போது சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. ஆகையால் மைலேஜ் சற்றுக் குறைவது உண்மையே. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண் நூற்றுக்கும் மேல். அதைக் கலந்தபின் சாதாரண பெட்ரோலின் பொறுமை முன்னிருந்ததைவிட உயர்ந்திருக்கிறது. கூடுதல் ஆக்டேனுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டிய காரணம் முன்னைவிடக் குறைந்துவிட்டது. விலையுயர்ந்த பெட்ரோலில் எஞ்சினின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் சில பொருள்களைச் சேர்க்கிறார்கள் என்பது மெய். அவற்றால் ஓரளவு நன்மையும் உண்டு. மாதந்தோறும் கொடுக்கும் விலைக்கு ஈடான நன்மையா என்றால், 100 சிசி வண்டிக்கு இல்லை என்பதே என் துணிபு.

இந்த மயக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் மோட்டார் வாகனச் சங்கமான ட்ரிபிள் ஏ, சாதாரண பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட கார்களில் உயர்ரக பெட்ரோலை ஊற்றிச் சோதித்து, சொல்லத்தக்க நன்மை எதுவும் இல்லை என்று 2016-இல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் அந்நாட்டு மக்கள் இவ்வகையில் 210 கோடி டாலரை வீணாக்கியிருந்தார்கள் என்றும் கணக்கிட்டது.

தோல் பதனிடும் ஊரில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கவேண்டும். தோல்களைத் தரம் பிரிக்கும் மேசையருகே நின்றவர்களுக்குத் தெரியும். கையுறைக்கு வேண்டிய மெல்லிய தோலைக் கொண்டு செருப்பின் அடிப்பாகத்தை யாரும் செய்வதில்லை. அது மட்டமான தோல் என்பதனால் அல்ல. அடிப்பாகத்தைவிட அதற்கு விலை அதிகமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் அது ஒரு வாரம் தாங்காது.

சாமுவேலின் முதலாம் புத்தகம் பதினேழாம் அதிகாரத்தில், கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் ராஜா தன் கவசத்தையும் தலைச்சீராவையும் அணிவிக்கிறான். இஸ்ரவேலில் அதைவிட விலையுயர்ந்த கவசம் இருந்திருக்க முடியாது. கொடுத்தவனும் நல்லெண்ணத்தோடேதான் கொடுத்தான். தாவீது அதை அணிந்து இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, தனக்குப் பழக்கமில்லை என்று கழற்றி வைத்துவிட்டான். ராஜாவின் கவசத்தை மறுப்பது மரியாதைக் குறைவாகாதோ என்ற அச்சம் அந்த இளைஞனுக்கு எழாமலா இருந்திருக்கும்? நான் இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் கோலியாத் விழுந்த நேரத்தைவிட இந்த நேரத்திலேயே அதிகம் தங்கி நிற்கிறேன்.

ஆயினும் இதை நேரில் ஒருவரிடம் சொல்வது கடினமாயிருந்தது. நம் சபையின் ஒரு வாலிபன், அவனுடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன், ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். அவன் ஓட்டும் வண்டி, தோல் ஷாப்பில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற அவனுடைய தகப்பனார் பி.எஃப். பணத்தில் வாங்கியது. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. அவன் அந்த வண்டிக்கு விலையுயர்ந்த பெட்ரோலைத் தவிர வேறெதையும் போடுவதில்லை. வீட்டில் தாயாருக்குச் சர்க்கரை நோய் மாத்திரைகள் வாங்கும் செலவு இருக்கிறது. "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார்கள். நான் கேட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா வண்டி ஐயா. அதுக்குப் போய்க் கணக்குப் பார்க்கணுமா?"

எனக்குப் பெத்தானியா ஊர் நினைவுக்கு வந்தது. மரியாள் இயேசுவின் பாதங்களில் பூசிய நளத தைலத்தை முந்நூறு பணமாகக் கணக்கிட்டவன் யூதாஸ். அன்பினால் செய்யப்படும் செலவை வெளியே நின்று கணக்கிடுகிறவனுடைய இடம் ஆபத்தான இடம். போதகர்கள் அந்த இடத்தில் அடிக்கடி போய் நின்றுவிடுகிறோம். ஆனால் மரியாளின் தைலம் ஆண்டவரைச் சேர்ந்தது. வீடு முழுவதும் அதன் வாசனையால் நிறைந்தது என்று யோவான் எழுதுகிறார். இந்தப் பிள்ளையின் அன்போ, அதை வாங்கிக்கொள்ள இயலாத ஓர் எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஆகையால் வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. "அப்பா இந்த வண்டியை எப்படிப் பார்த்துக்கொண்டார், தம்பி?" என்று மாத்திரம் கேட்டேன். சற்று நேரம் மௌனமாயிருந்தான். ஞாயிறு மாலையில் செயினுக்கு எண்ணெய் விடுவார், டயரில் காற்றைப் பார்ப்பார், ஆயில் மாற்றிய தேதியை நோட்டில் குறித்துவைப்பார் என்றான். அந்த நோட்டு எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறதாம். அதில் கடைசியாக எழுதப்பட்டிருந்த தேதி தகப்பனாருடைய கையெழுத்தில் இருந்தது.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். போக வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள், லிட்டருக்கு 60 கிலோமீட்டர். மாதம் பதினேழு லிட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 8 ரூபாய் வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 1,650 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதில் இரண்டு முறை எஞ்சின் ஆயிலும் ஒரு ஏர் ஃபில்டரும் மாற்றிய பின்னும் மாத்திரைக்கு மீதி இருக்கும். அவன் மறுவாரமே ஆயில் மாற்றி, அந்த நோட்டில் தகப்பனாரின் கையெழுத்துக்குக் கீழே தன் கையால் தேதியை எழுதினான்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, வண்டி வாங்கியபோது கொடுத்த கையேட்டை அவரவர் கொண்டுவாருங்கள். பல கையேடுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் வாசிக்கப்படாமலே பீரோவில் கிடக்கின்றன. எரிபொருளைப் பற்றிய பக்கத்தை வாலிபர் சங்கத்தார் உங்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வார்கள். 95 வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் 95 போடுங்கள். 91 போதும் என்றிருந்தால் 91. பழைய வண்டி வைத்திருப்போர் வண்டியையும் கொண்டுவாருங்கள். எத்தனாலினால் ரப்பர்க் குழாய்கள் இறுகி வெடித்திருக்கின்றனவா என்று நம் சபையின் மெக்கானிக் சகோதரர் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்