அட்டையில் இல்லாத முகம்



நமது வாலிபர்களில் சிலர் சேர்ந்து பாடல் இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட ஆயத்தமாகி வருவதை நீங்கள் அறிவீர்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் நினைவு என்னை விட்டு நீங்கவில்லை. பீட்டில்ஸ் குழுவைத்தான் சொல்கிறேன். ஒரு போதகர் இவர்களைப் பற்றி எழுதலாமா என்று உங்களில் சிலர் புருவம் உயர்த்துவீர்கள். 1966-இல் ஜான் லெனன் நம் ஆண்டவரையும் தம் குழுவின் புகழையும் ஒப்பிட்டுப் பேசியதும், அமெரிக்காவில் அவர்களுடைய இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டதும் எனக்கும் தெரியும். அது தனியே பேச வேண்டிய காரியம். இன்று நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய கதை. அந்தக் கதை ஓர் ஆலய வளாகத்திலேயே தொடங்குகிறது.

1957 ஜூலை 6-ஆம் நாள், லிவர்பூலின் வூல்டன் பகுதியிலுள்ள தூய பேதுரு ஆலயத்தில் விழா நடந்தது. அதே ஆலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் படித்து, அதன் பாடகர் குழுவில் பாடிய பையன்தான் லெனன். பதினாறு வயதில் தன் தோழர்களுடன் அந்த விழாவில் பாட வந்திருந்தான். அங்கே, ஆலயத்தின் கூடத்தில், பதினைந்து வயது பால் மெக்கார்ட்னியை முதன்முதலாகச் சந்தித்தான். பால் அதற்கு முந்தைய ஆண்டில்தான் தாயை இழந்திருந்தான். அடுத்த ஆண்டில் லெனனும் தாயை இழந்தான். இருவரையும் பிணைத்தவற்றில் பாட்டைப் போலவே இந்தத் துயரத்துக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

பின்பு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் புறப்படும் தருவாயில் பீட் பெஸ்ட் என்னும் டிரம்ஸ் கலைஞர் சேர்ந்தார். அந்நகரத்து மதுக்கூடங்களில் இரவுதோறும் மணிக்கணக்காக வாசித்தார்கள். குடித்துக் கூச்சலிடும் கூட்டத்தின் முன் வாசித்து வாசித்தே அவர்கள் கை தேறியது. 1962 புத்தாண்டு நாளில் லண்டனில் டெக்கா நிறுவனத்தார் முன்பு பதினைந்து பாடல்களைப் பாடிக் காட்டினார்கள். அவர்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின்தான் ஈஎம்ஐ நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் அவர்களை ஏற்றுக்கொண்டார்.

முதல் இசைத்தட்டின் பெரும்பகுதி ஒரே நாளில் பதிவானது. 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. வேறொரு பாடகியின் இசைப் பயணத்தில் துணைக் குழுவாக ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தவர்களுக்கு இடையில் கிடைத்த ஒரு நாள் அது. காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பத்தரை தாண்டும்வரை, லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பத்துப் பாடல்கள். முன்பே தனித்தட்டுகளில் வெளிவந்த நான்கைச் சேர்த்து மொத்தம் பதினான்கு. லெனனுக்குக் கடும் ஜலதோஷம். தொண்டைக்கு மாத்திரையைச் சப்பிக்கொண்டும் பாலைக் குடித்துக்கொண்டும் நாள் முழுவதும் பாடினார். குரலைக் கிழித்துப் பாடவேண்டிய பாடல் ஒன்றை மார்ட்டின் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். அதை முதலில் பாடினால் மற்றவற்றுக்குத் தொண்டை மிஞ்சாது என்பதை அவர் அறிந்திருந்தார். "ட்விஸ்ட் அண்ட் ஷவுட்" என்ற அந்தப் பாடலை இருமுறை பாடவைத்தார்கள். இரண்டாம் முறை குரலே எழவில்லை. நாம் இன்று கேட்பது முதல் முறை பாடியது. அந்தப் பிளவுபட்ட குரலைக் கேட்கும்போதெல்லாம், தன்னிடம் இருந்த கடைசித் துளியையும் ஊற்றிவிட்ட ஒரு மனிதனை நான் கேட்கிறேன். நமது ஆராதனைக்கு இரண்டு நிமிடம் முன்பு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். இது அன்பாகச் சொல்வதே.

"பிளீஸ் பிளீஸ் மீ" என்ற பெயரில் மார்ச் 22-இல் அத்தட்டு வெளிவந்தது. மே மாதத்தில் பிரிட்டனின் முதலிடத்தைப் பிடித்து, முப்பது வாரங்கள் அங்கேயே இருந்தது. அதன் அட்டைப்படத்தில், மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நால்வர் கீழ்நோக்கிச் சிரிக்கிறார்கள்.

அந்த நால்வரில் பீட் பெஸ்ட் இல்லை. என் மனம் நிற்பது இங்கேதான்.

1962 ஜூன் மாதத்தில் அவர் வாசித்ததைக் கேட்ட மார்ட்டினுக்கு நிறைவு ஏற்படவில்லை. பதிவுக்கு மட்டும் வேறு கலைஞரை வைத்துக்கொள்ள நினைத்தாரேயன்றி, குழுவை விட்டு நீக்கும்படி அவர் சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்ட் 16-ஆம் நாள் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் பெஸ்டை அழைத்து, நீ இனி இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் உறங்கி, ஒரே மேடையில் வியர்வை சிந்திய மூவரில் ஒருவரும் வந்து சொல்லவில்லை. பெஸ்டின் தாயார் தம் வீட்டின் நிலவறையில் நடத்திய காஸ்பா என்னும் காபி மன்றத்தில்தான், இந்த மூவரும் பெயர் அறியப்படாத காலத்தில் பாடி வந்தார்கள். அந்தத் தாயிடமும் ஒருவரும் போகவில்லை. தாங்கள் கோழைகளாக நடந்துகொண்டதாகப் பிற்காலத்தில் லெனனே ஒப்புக்கொண்டார்.

பெஸ்டின் இடத்துக்கு வந்த ரிங்கோ ஸ்டாருக்கும் கசப்பு காத்திருந்தது. செப்டம்பர் 11 அன்று அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது, ஆண்டி வைட் என்னும் அனுபவமிக்க கலைஞர் டிரம்ஸின் முன் அமர்த்தப்பட்டார். ரிங்கோவின் கையில் ஒரு கஞ்சிராவைப் போன்ற டாம்பரினைக் கொடுத்தார்கள். முதல் இசைத்தட்டில் உள்ள "லவ் மீ டூ" பாடலில் நாம் கேட்கும் டிரம்ஸ் வைட்டினுடையது. ரிங்கோ டாம்பரினை மட்டும் ஆட்டுகிறார். அந்தக் காயம் அவருக்கு நெடுநாள் ஆறவில்லை. மார்ட்டின் பின்னாளில் பலமுறை அவரிடம் வருத்தம் தெரிவித்தார்.

பெஸ்டை மாற்றியது தவறு என்று நான் வாதாடவில்லை. ரிங்கோ வந்தபின் அந்த இசை எழுந்து நின்றது என்பதைக் காதுள்ளவர் எவரும் அறிவர். மாற்றங்கள் தேவைப்படும். அதைப் போய்ச் சொல்வது யார் என்பதுதான் என் கேள்வி.

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சபையில் இருபத்தேழு ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்து வந்த பெரியவர் ஒருவருக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கவில்லை. பாட்டு தாளத்தை விட்டு விலகியது. கமிட்டியார் ஒரு நன்றிக் கடிதமும் பொன்னாடையும் போதும் என்றார்கள். நான் அவர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தவன், அதற்குமேல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரே பேசினார். "யாரு ஐயா வாசிக்கப் போறது? அந்த இம்மானுவேல் பேரனா? நல்ல பையன். மேல்ஸ்தாயியில ஒரு கட்டை மழைக்காலத்துல ஒட்டிக்கிடும், அவன்கிட்ட சொல்லி வையுங்க." சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானே சொல்லுதேன்" என்றார். அடுத்த ஞாயிறு அந்தப் பையனின் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்.

அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு இருவரை நிறுத்திச் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுகிறது. மற்றவர் பர்சபா என்னும் யோசேப்பு. அவரும் தொடக்கமுதல் ஆண்டவரோடு நடந்தவர்தான். அதன்பின் அவருடைய பெயர் வேதத்தில் வருவதில்லை. அன்று மாலை அவர் அருகில் போய் உட்கார்ந்தவர் யாராவது இருந்திருப்பார்களா என்று பலமுறை யோசித்ததுண்டு. நமது வாலிபர்கள் பாடகர்களைத் தெரிந்துகொள்ளும் இந்த நாட்களில், அட்டையில் பெயர் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு யார் போவது என்பதையும் அவர்களே பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் என் கண்டிப்பு.

பெஸ்டின் பிற்கால வாழ்வையும் சொல்லிவிடுகிறேன். ரொட்டி வண்டிகளில் சுமை ஏற்றினார். பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரசு வேலைவாய்ப்புத் துறையில், வேலை இழந்தவர்களுக்கு வேலை தேடித்தரும் பணியைச் செய்தார். 1995-இல் பீட்டில்ஸ் குழுவின் பழைய பதிவுகள் ஒரு தொகுப்பாக வெளிவந்தபோது, அவர் வாசித்த பாடல்களும் அதில் இடம்பெற்றன. அதற்குரிய பணம் அவரை வந்தடைந்தது. ஆனால் அந்தத் தொகுப்பின் அட்டையில் இருந்த பழைய புகைப்படத்தில் அவருடைய முகம் மட்டும் கிழித்தெடுக்கப்பட்டு, அந்த ஓட்டையில் ரிங்கோவின் முகம் தெரிந்தது. பெஸ்ட் வழக்குத் தொடுக்கவில்லை. 2008-இல் தம் சொந்தக் குழுவுடன் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். தாயாரின் காஸ்பா இருந்த தெருவின் பெயரையே அதற்குச் சூட்டினார். அட்டையில், கிழித்தெடுக்கப்பட்ட அந்தத் துண்டுப் படத்தை வைத்தார்.